ஊறுகாய்ப் புல்லும் பால் வளமும்

கறவைப் பசு வைத்திருக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் கோடையின் அனுபவம் நன்கு தெரிந்ததே. தை மாதத்தில் நிறையப் பால் கறந்த பசு, சித்திரை பிறந்ததும் படிப்படியாகக் குறைத்துக் கறக்கத் தொடங்குகிறது. வைகாசியில் புண்ணாக்கும் தவிடும் முன்னைவிட அதிகமாக வாங்குகிறோம்; ஆயினும் பால் கூடுவதில்லை. சங்கத்திலிருந்து வரும் பணம் தீவனக் கடைக்கே போய்ச் சேருகிறது. பசுவின் மீது குற்றமில்லை. அதன் வயிற்றை நிரப்பும் முதன்மைத் தீவனம் வெறும் வைக்கோலாக மாறிவிடுவதே காரணம்.

இக்குறையைப் போக்கும் வழியாக ஊறுகாய்ப் புல் தயாரிக்கும் முறை நெடுங்காலமாக எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. சைலேஜ் என்று சொல்லப்படுவதும் இதுவே. பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாதவாறு அழுத்தி மூடி வைத்தால், அதிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்புளிப்பு தீவனத்தைக் கெடாமல் காக்கிறது. பின்லாந்து நாட்டு அறிஞர் விர்ட்டானென் இத்துறையில் செய்த ஆராய்ச்சிகளுக்காக 1945இல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். அந்நாட்டில் பனிக்காலம் செய்யும் தீங்கை நம் நாட்டில் கோடை செய்கிறது. ஆதலின் அம்முறை நமக்கும் பயன்படும்.

ஆனால் ஒரு தவறான எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. “குழியில் போட்டு மூடிவிட்டால் எப்புல்லும் நல்ல தீவனமாகிவிடும்” என்பதே அது. குழி, தீவனத்தைக் காக்குமே அன்றி, அதில் இல்லாத சத்தை உண்டாக்காது. நம் நெசவாளர் அங்கத்தினர்கள் இதனை எளிதில் உணர்வர். பாவு நூல் நைந்ததாயின் தறியை மாற்றிப் பயனில்லை அன்றோ? எப்பயிரை, எப்பருவத்தில் வெட்டி, எந்தப் பசுவுக்குத் தருகிறோம் என்பவையே பாலின் அளவை நிர்ணயிக்கின்றன.

பசுவின் வயிற்றில் நடப்பது

பசுவின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் இடும் தீவனத்தை முதலில் உண்பவை அவையே. நார்ப்பொருளை அவை சிதைக்கும்போது பெரும்பாலும் அசெட்டிக் அமிலம் உண்டாகிறது. பாலின் கொழுப்பு அதிலிருந்து உருவாகிறது. மாவுச்சத்தைச் சிதைக்கும்போது புரோப்பியோனிக் அமிலம் மிகுதியாக உண்டாகிறது. அதிலிருந்து குளுகோசும், குளுகோசிலிருந்து பாலிலுள்ள சர்க்கரையும் உண்டாகின்றன. மடியில் எவ்வளவு சர்க்கரை உருவாகிறதோ அதற்கேற்பவே நீர் சேர்ந்து பாலின் அளவு பெருகுகிறது. ஆகவே லிட்டர் கூட மாவுச்சத்தும், கொழுப்புக் குறையாதிருக்க நார்ப்பொருளும் வேண்டும்.

நார்ப்பொருள் எளிதில் ஜீரணமாவதாக இருப்பதும் அவசியம். முற்றிய தண்டு வயிற்றில் நெடுநேரம் தங்கிவிடுவதால், பசு மேலும் உண்ண இடமின்றித் தொட்டியை விட்டு விலகுகிறது. அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபா, ஆலன் என்ற இருவர், பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 1999இல் வெளியிட்டனர். தீவனத்தின் நார்ப்பொருள் ஜீரணமாகும் அளவு நூற்றுக்கு ஒரு பங்கு உயர்ந்தால், பசு நாளொன்றுக்குச் சுமார் 170 கிராம் உலர்பொருளைக் கூடுதலாக உண்கிறது என்றும், நூற்றுக்கு நான்கு பங்கு கொழுப்புள்ள பால் சுமார் 250 கிராம் கூடுகிறது என்றும் அவர்கள் கண்டனர். அப்பசுக்கள் மிகுதியாகக் கறப்பவை. நம் பசுக்களுக்கு அவ்வெண்கள் அப்படியே பொருந்தா. எனினும் உண்மை ஒன்றே: இளமையில் வெட்டிய தீவனத்தைப் பசு விரும்பி உண்கிறது, கூடுதலாக உண்ணும் பசு கூடுதலாகக் கறக்கிறது.

மூன்று பயிர்கள்

நம் பகுதியில் ஊறுகாய்ப் புல்லுக்கு ஏற்றவை முக்கியமாக மூன்று: மக்காச்சோளம், தீவனச்சோளம், கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்.

மக்காச்சோளத்தைக் கதிரோடு சேர்த்து நறுக்கிப் பதனம் செய்வதே சிறந்தது. இதில் சர்க்கரை போதிய அளவு இருப்பதால் வெல்லப்பாகு சேர்க்காமலே நன்கு புளிக்கும். மணி பிடித்த பயிராதலின் மாவுச்சத்தும் நிறைய உண்டு. மேனாடுகளில் கறவைப் பசுக்களுக்கு இடும் பதனப் புல்லில் ஒரு பகுதியைக் குறைத்து மக்காச்சோளப் பதனத்தைச் சேர்த்தபோது, பசுக்கள் உண்ணும் அளவும் பாலும் கூடியதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. இதன் குறை புரதமே. உலர்பொருளில் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பங்குதான் புரதம். அதனை வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு ஆகியவற்றால் ஈடு செய்ய வேண்டும். ஆனால் இப்பயறு வகைகளைத் தனியே குழியில் இடலாகாது. அவை புளிப்பை எதிர்த்து நிற்கும் தன்மையுடையவை. மக்காச்சோளத்தோடு நான்கில் ஒரு பங்கு கலந்தால் கெடுதியில்லை.

தீவனச்சோளம் வறட்சியைத் தாங்கும், செலவும் குறைவு. எனினும் அதன் மணி சிறியது, உறுதியானது. முற்றவிட்டு வெட்டினால் மணிகளில் ஒரு பகுதி ஜீரணமாகாமல் சாணத்தோடு வெளியேறும். ஆகவே மணி மென்மையான மாவுப் பருவத்தில் இருக்கும்போதே வெட்ட வேண்டும். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் பசுவைக் கொல்லவல்ல நச்சுப் பொருள் உண்டு. பதனம் செய்வதால் அது குறையுமாயினும், அதை நம்பி இளம்பயிரை வெட்டுதல் தகாது. பூத்த பின்னரே வெட்டுதல் வேண்டும்.

கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லைப் பாசன வசதியுள்ள நம் அங்கத்தினர் பலர் அறிவர். ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் வரை தொடர்ந்து அறுக்கலாம். விளைச்சலில் மற்றவை இதற்கு ஈடாகா. ஆனால் குழிக்கு இது எளிய பயிரன்று. இதில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. அறுத்தவுடன் குழியில் இட்டால் சாறு வடிந்து அழுகிவிடும். அரைநாள் முதல் ஒருநாள் வரை வயலிலேயே வாடவிட்டு, நூறு கிலோ புல்லுக்கு இரண்டு அல்லது மூன்று கிலோ வெல்லப்பாகு கலந்து அழுத்த வேண்டும். மேலும் இப்புல்லிலும் வைக்கோலிலும் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கொள்வதால், இவ்விரண்டையும் உண்ணும் பசுவுக்குத் தாது உப்புக் கலவை தவறாமல் தருதல் வேண்டும்.

ஒரு கணக்கு

நாளொன்றுக்குப் பதினைந்து கிலோ ஊறுகாய்ப் புல் தருவதாகக் கொள்வோம். அதில் உலர்பொருள் நூற்றுக்கு முப்பது பங்கானால், பசுவுக்குக் கிடைப்பது நாலரைக் கிலோ உலர்பொருள். அதே அளவு உலர்பொருளை வைக்கோலாகத் தந்தால் அதில் ஜீரணமாகும் மொத்தச் சத்து நூற்றுக்குச் சுமார் 42 பங்கு. நேப்பியர்ப் பதனத்தில் சுமார் 53, சோளப் பதனத்தில் சுமார் 58, நல்ல மக்காச்சோளப் பதனத்தில் சுமார் 65 பங்கு என்று கொள்ளலாம். ஒரு லிட்டர் பசும்பால் உருவாக ஏறத்தாழ 320 கிராம் ஜீரணச் சத்து வேண்டும்.

இப்போது கணக்கிடுவோம். வைக்கோலுக்குப் பதில் நேப்பியர்ப் பதனம் தந்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 500 கிராம் சத்து. அஃது ஒன்றரை லிட்டருக்குப் போதுமானது. சோளப் பதனமானால் 700 கிராம். இரண்டு லிட்டருக்கு மேல். மக்காச்சோளப் பதனமானால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று லிட்டருக்குப் போதும். மூன்றையும் மூடி வைக்கும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. பலனோ ஒன்றுக்கு இரண்டாக வேறுபடுகிறது.

இவ்வளவும் பாலாகவே வந்துவிடும் என்று நினைத்தல் கூடாது. இளைத்த பசு முதலில் தன் உடலைத் தேற்றிக் கொள்ளும். இரண்டு லிட்டர் மட்டுமே கறக்கும் இயல்புடைய பசு, எதை இட்டாலும் ஐந்து லிட்டர் கறக்காது. ஆகவே மக்காச்சோளப் பதனத்தை ஈன்று மூன்று நான்கு மாதங்களுக்கு உட்பட்ட, நன்கு கறக்கும் பசுக்களுக்கே ஒதுக்குதல் சிக்கனம். பால் வற்றிய சினைப்பசுவுக்கும் கிடேரிக்கும் நேப்பியரும் சோளமும் போதும். சினைப்பசுவுக்கு மாவுச்சத்து மிகுந்த தீவனத்தை நிறையத் தந்து கொழுக்க வைத்தால் ஈனும்போது தொல்லை உண்டாகும்.

பத்து லிட்டர் கறக்கும் நானூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரு நாளைய தீவனம் இவ்வாறு அமையலாம்: மக்காச்சோளப் பதனம் 15 கிலோ, வைக்கோல் மூன்று முதல் மூன்றரைக் கிலோ, அடர்தீவனம் 4 கிலோ, வேலிமசால் அல்லது அகத்தி 4 முதல் 5 கிலோ, அத்துடன் தாது உப்பு. வைக்கோலை அறவே நிறுத்திவிடலாகாது. நம் சங்கங்கள் பாலிலுள்ள கொழுப்பையும் இதர சத்தையும் அளந்தே விலை தருகின்றன. மாவுச்சத்து மிகுந்து, அசைபோடத்தக்க நீண்ட நார் குறைந்தால், லிட்டர் கூடினும் கொழுப்பு இறங்கும். பசுவுக்கு வயிற்றுப் புளிப்பும் உண்டாகும்.

வெட்டும் பருவம்

மக்காச்சோளக் கதிரை நடுவில் ஒடித்து மணிகளைப் பாருங்கள். மணியின் மேற்பகுதி மஞ்சளாகக் கெட்டியாகவும், அடிப்பகுதி பால் போலவும் இருக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ள கோடு மணியின் பாதிக்கு இறங்கியிருந்தால் அதுவே வெட்டத்தக்க பருவம். அப்போது பயிரின் உலர்பொருள் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு இருக்கும். அதற்கு முன் வெட்டினால் சாறு வடியும், மாவுச்சத்தும் குறையும். பின் வெட்டினால் தண்டு விறைத்து, அழுத்தினாலும் காற்று வெளியேறாது.

உலர்பொருளை வீட்டிலேயே அளந்தறியலாம். நறுக்கிய பயிரில் நூறு கிராம் எடுத்து, அகன்ற சட்டியில் மெல்லிய சூட்டில் கருகாமல் கிளறி உலர்த்துங்கள். எடை மேலும் குறையாமல் நிற்கும்போது எத்தனை கிராம் உள்ளதோ அத்தனை பங்கு உலர்பொருள். அந்த அளவும் இயலாவிடில், நறுக்கியதைக் கையில் இறுகப் பிடித்துப் பாருங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை மெல்ல விரிந்தால் பதம் சரி. உடனே உதிர்ந்தால் உலர்ந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. 2018ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கி வருகிறது. மருந்து தெளித்த பயிரானால், அம்மருந்துக்குக் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே பசுவுக்காக வெட்ட வேண்டும்.

தனிக்குழியா, பொதுக்குழியா?

நம் அங்கத்தினருள் பெரும்பாலோர் ஒன்றிரண்டு பசுக்கள் வைத்திருப்பவர்கள். ஊறுகாய்ப் புல் முயற்சி பல வீடுகளில் தோற்றுப் போவதற்குரிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

குழியைத் திறந்தபின் அதன் முகப்பில் காற்றுப் படுகிறது. நம் வெயிலில் நாள்தோறும் பதினைந்து சென்டிமீட்டர் தடிப்பாவது வெட்டி எடுத்தால்தான் உள்ளே பூஞ்சை ஓடாது. இரண்டு பசுக்களுக்கு நாளொன்றுக்கு முப்பது கிலோ தேவை. நன்கு அழுத்திய ஒரு கன மீட்டரில் ஐந்நூறு கிலோ அடங்கும். ஒன்றரை மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள சிறு குழியிலும்கூட, அவர் நாளொன்றுக்கு எடுப்பது நான்கு சென்டிமீட்டர் தடிப்பே. அவர் பின்செல்லும் வேகத்தைவிடக் காற்று முன்செல்லும் வேகம் அதிகம். பாதிக் குழி கெட்டுவிடும். “ஊறுகாய்ப் புல் நமக்கு ஒத்துவராது” என்று அவர் முடிவு கட்டிவிடுவார். குறை அவருடையதும் அன்று, முறையினுடையதும் அன்று. குழியின் அளவும் பசுக்களின் தொகையும் பொருந்தாமையே.

இதே கணக்கை முப்பது பசுக்களுக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 450 கிலோ. அதாவது ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள முகப்பில் நாள்தோறும் இருபது சென்டிமீட்டர் எடுக்க நேரும். பூஞ்சைக்கு இடமில்லை. தொண்ணூறு நாட்களுக்குப் பதினெட்டு மீட்டர் நீளம் போதும். அதற்கு வேண்டிய பயிர், சேதாரம் உட்பட, ஏறத்தாழ 46 டன். மூன்று முதல் நான்கு ஏக்கர் மக்காச்சோளம். பதினைந்து குடும்பங்கள் கூடினால் முடியும் காரியம், ஒரு குடும்பம் தனியே செய்தால் முடிவதில்லை. கூட்டுறவின் பயன் இதைவிடத் தெளிவாக எங்கே விளங்கும்?

பொதுக்குழி அமைக்க வசதியில்லாத இடங்களில், உள்ளுறையிட்ட ஐம்பது கிலோப் பைகளில் அழுத்திக் கட்டலாம். ஒரு பை இரண்டு பசுக்களுக்கு இரண்டு நாளைக்குள் தீர்ந்துவிடும். எலியும் காக்கையும் பையில் துளையிடாதபடி காத்தல் மட்டும் அவசியம்.

நம் மாவட்டத்துக்கு ஏற்ற வழி

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகள் கொள்ளிடத்தின் கடைமடை. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வரும் நீரே நம் நெல்லுக்கு ஆதாரம். இங்கே பூமியைத் தோண்டிக் குழி அமைத்தல் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று மேலேறிக் குழி நிரம்பும். மேட்டு நிலத்தில் தரைக்கு மேல் இரு பக்கமும் சுவர் எழுப்பிய தொட்டியே தக்கது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் கடலூர் மாவட்டம் மறக்கவில்லை. நனைந்த வைக்கோற்போர் மக்கிவிடும். உயர்ந்த இடத்தில் நன்கு மூடிய பதனமோ மழையைத் தாங்கி நிற்கும்.

இயற்கையே நமக்கு ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது. மாவட்டத்தின் மேற்கே விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர் பகுதிகளில் மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசியில் விதைக்கப்படுகிறது. மார்கழியில் அது பதனத்துக்கு ஏற்ற பருவத்தை அடைகிறது, மழையும் ஓய்ந்துவிடுகிறது. கிழக்கே நெல் விளையும் ஊர்களில் தையிலும் மாசியிலும் புதுவைக்கோல் நிறைந்திருப்பதால் தீவனத்தைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஆனால் சித்திரை முதல் ஆடி வரை தட்டுப்பாடு. மார்கழியில் மேற்கே அழுத்தி மூடியது, சித்திரையில் கிழக்கே பசுவின் தொட்டிக்கு வந்தால் இரு தரப்பினர்க்கும் நன்மை. பயிரிடுவோர்க்குக் கதிர் முற்றும்வரை காத்திராமல் பணம் கிடைக்கும். பால் உற்பத்தியாளருக்குக் கோடைக் கவலை தீரும்.

இதில் ஒரு பிணக்கு எழக்கூடும்; முன்கூட்டியே பேசித் தீர்த்தல் நலம். எடைக்கு விலையென்றால், ஈரமாயிருக்கும்போதே வெட்டி விற்பது பயிரிடுவோர்க்கு இலாபம், வாங்குவோர்க்கு நட்டம். கிலோ 6 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். உலர்பொருள் நூற்றுக்கு முப்பது பங்கானால், ஒரு கிலோ உலர்பொருளின் விலை 20 ரூபாய். இருபது பங்கானால் அதுவே 30 ரூபாய். பெயரளவில் விலை ஒன்றே. உண்மையில் ஒன்றரை மடங்கு. ஆகவே சங்கம் நடுநின்று, உலர்பொருளை அளந்து விலை கட்டுமாறு ஒப்பந்தம் எழுதுதல் வேண்டும். பாலுக்கு எடையோடு கொழுப்பையும் அளக்கும் நாம், தீவனத்துக்கும் அவ்வாறே அளப்பதில் வியப்பில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை

பயிரை ஓரங்குலத்துக்கு மேற்படாமல் நறுக்குக. ஒன்றிரண்டு நாட்களுக்குள் நிரப்பி மூடுக. அடுக்கடுக்காக மிதித்தோ டிராக்டரை ஏற்றியோ அழுத்துக. அழுத்துவதில் காட்டும் சோம்பல் பூஞ்சையாக வெளிப்படும். நாற்பத்தைந்து நாட்கள் திறவாதிருத்தல் நலம். நல்ல பதனம் இளமஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிய புளிப்பு மணமும் உடையது. கெட்ட வெண்ணெயின் நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்து அழுகியது. கருகிய மணமும் கரும்பழுப்பு நிறமும் காணின் காற்றுப் புகுந்து சூடேறியது. பூஞ்சை பிடித்த பகுதியைச் சிறிதும் தயங்காமல் எறிந்துவிடுக. அதிலுள்ள நஞ்சு பாலின் வழியே குழந்தைகளையும் அடையக்கூடும்.

முதல்நாள் மூன்று கிலோவில் தொடங்கிப் பத்து நாட்களில் முழு அளவுக்கு உயர்த்துக. பால் கறந்த பின்னரே இடுக. முன்னரே இட்டால் அம்மணம் பாலில் ஏறும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம்.

1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலம் நம் அண்ணாமலை நகரிலேயே இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. விதை, புற்கரணை, பருவம் குறித்த ஐயங்களை அங்குள்ளோரிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் எவ்வளவு பயிர் வேண்டும், எத்தனை பசுக்களுக்கு, எந்த விலையில் என்பவற்றை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவைச் சித்திரையில் பசு பாலைக் குறைத்த பின் செய்வதில் பயனில்லை. புரட்டாசி விதைப்புக்கு முன், ஆடி மாதத்துக் கூட்டத்திலேயே செய்தல் வேண்டும். அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் கறக்கும் பசுக்களை எண்ணி, அக்கணக்குடன் கூட்டத்துக்கு வருவார்களாக.